புலிவார்டு ரோட்டில் புலி ஏது? நம் டவுன் பேட்டைகளின் கதை



காவிரிக்கு இந்தப் பக்கம் வசிக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மெயின்கார்டு கேட்டில் புடவை எடுக்கவோ, காந்தி மார்க்கெட்டில் கல்யாணத்துக்குக் காய் வாங்கவோ கிளம்பினால், "திருச்சிக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவோம். ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சி ஆனது 1994 ஜூன் 1 அன்று. சொத்து வரி ரசீதில் நாமும் திருச்சிதான். ஆனால் பாலத்தைத் தாண்டினால்தான் திருச்சி என்று நம் நாக்கு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தத் திருச்சிக்கே போய், "டவுனுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்பார்: "எங்க சார்? சத்திரமா, மார்க்கெட்டா, ஜங்ஷனா, தில்லைநகரா?" ஒரே ஊருக்கு இத்தனை நடுப்பகுதிகள் எப்படி வந்தன?

இந்தக் கேள்வியை இந்த இதழில் எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி எனப்படும் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் திருச்சி தேர்வானது. அதன்பின் சத்திரம் பேருந்து நிலையம் புதிதாக எழும்பி 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேலப்புலிவார்டு ரோட்டில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டு, ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போகத் தொடங்கின. காய்கறி மொத்த வியாபாரத்தையும் அங்கே கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. நகரின் நடுப்பகுதிக்குப் புத்துயிர் என்று இதையெல்லாம் சொல்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று வாக்குவாதத்தில் இறங்கும் முன், ஒவ்வொரு பகுதியும் எதற்காக உருவானது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

மதில் இருந்த இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேரும் முன், மெயின்கார்டு கேட்டில் வந்து நில்லுங்கள். துணிக்கடைப் பலகைகளுக்கு நடுவே ஒரு கல் வாசல் நிற்கும். பண்டிகை நாளில் அதைப் பார்க்கவே முடியாது. அதுதான் திருச்சிக் கோட்டையின் மேற்கு வாசல். ஏறக்குறைய ஒரு மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட ஊரை இரட்டை மதிலும் அகழியும் சூழ்ந்திருந்தன. நடுவில் 273 அடி உயரப் பாறை. கோட்டையைக் கட்டியதையும் தெப்பக்குளம் வெட்டியதையும் 16ஆம் நூற்றாண்டின் விசுவநாத நாயக்கர் பேரில் சொல்வது வழக்கம். பாறைக்கு வயது அதைவிட மிக அதிகம் என்பதும், அதன் மேல் குடைவரை 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்பதும் நீங்கள் அறிந்ததே.

1750களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது இந்த மதில்கள்தான் ஊரைக் காத்தன. சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் நம் ஸ்ரீரங்கத்தில் முகாம் இட்டிருக்க, முகம்மது அலியும் ஆங்கிலேயரும் கோட்டைக்குள் இருந்தார்கள். 1752இல் சந்தா சாகிபின் கதை முடிந்தது. 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போனபின், மதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத மதில் ஊருக்குச் சுமை. காற்று வராது, வண்டி நுழையாது, அகழியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். 1866 நவம்பர் 1 அன்று திருச்சிக்கு நகராட்சி வந்தது. 19ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே மதில் இடிபட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்த இடம் சாலையாயிற்று.

அந்தச் சாலைகளின் பெயர்தான் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. சிறுவயதில் இங்கே புலி இருந்ததா என்று கேட்காத திருச்சிக் குழந்தை இருக்காது. புலியும் இல்லை, வார்டும் இல்லை. அது பூல்வார் என்ற பிரெஞ்சுச் சொல். கோட்டைக் கொத்தளம் என்பது அதன் பழைய பொருள். பாரிஸில் கொத்தளங்களைத் தட்டையாக்கி மரம் வைத்து நடைபாதை ஆக்கியபின், அகலமான நகரச் சாலைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வியன்னாவிலும் 1857இல் மதிலை இடிக்க ஆணை பிறந்து, அந்த இடத்தில் வட்டச் சாலை வந்தது. மதுரையில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்தபோது, அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்தன. சென்னையில் மதிலுக்காகப் போட நினைத்த வரியின் பெயர் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் மதிலே பெயராகிவிட்டது. அடுத்த முறை மேலப்புலிவார்டு ரோட்டில் வண்டியை நிறுத்தும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நிற்பது பழைய கோட்டையின் விளிம்பில்.

ஆக, நடுப்பகுதியைப் புதுப்பிப்பது திருச்சிக்குப் புதிதல்ல. மதில் போனதால் ஊர் சாகவில்லை. மதிலுக்குள் நடந்த வேலைகள் அப்படியே தொடர்ந்ததால் ஊர் பிழைத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

பெயரிலேயே தொழில்

கல் வாசலைத் தாண்டினால் தெப்பக்குளம். குளத்துக்கு அருகில் 1766இல் சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கிறிஸ்து நாதர் ஆலயம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் லூர்து மாதா ஆலயக் கோபுரம். அதை ஒட்டி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி. தெப்பக்குளப் படியில் நின்றால் தாயுமானவர் கோயில், உச்சிப்பிள்ளையார், மாதா கோயில் மூன்றும் ஒரே பார்வையில் விழும். சற்றுத் தள்ளி மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்கா. நடுப்பகுதி என்றால் எல்லோருக்கும் அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வகையில் நம் டவுன் குறை வைக்கவில்லை.

குளத்தைச் சுற்றி என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளி. சின்னக்கடை வீதி, பெரியக்கடை வீதி பக்கம் திரும்பினால் நகைக்கடைகள், அவற்றின் பின்சந்துகளில் பொற்கொல்லர் பட்டறைகள். ஜாபர்ஷா தெருவின் பெயரைச் சொன்னாலே நகை வாங்கும் வீட்டுக்காரர்களுக்குப் புரியும். பாறையைச் சுற்றி ஆண்டார் வீதிகள். மற்ற தெருக்களின் பெயர்களையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள்: வாணப்பட்டறைத் தெரு, வெல்லமண்டி ரோடு, மரக்கடை, சந்துக்கடை. தலைவர் பெயர் வைக்கும் காலத்துக்கு முன், தெருவில் என்ன வேலை நடந்ததோ அதுவே தெருவின் முகவரி. வெல்லம் வேண்டுமா, வெல்லமண்டிக்குப் போ. உத்திரக்கட்டை வேண்டுமா, மரக்கடைக்குப் போ.

ஒரே தொழில் ஒரே தெருவில் கூடுவதில் வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் லாபம். நாலு கடை ஏறி விலை கேட்கலாம். இந்தக் கடையில் இல்லாத அளவை அந்தக் கடையிலிருந்து பையனை அனுப்பி எடுத்து வருவார்கள். நகைக்கடைக்குப் பின்னால் உருக்குபவர், கம்பி இழுப்பவர், கல் பதிப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரு சங்கிலியே நாலு சந்துக்குள் இருக்கும். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் குடும்பங்கள் வளர்ந்ததும் இப்படித்தான். உறையூர் ஒரு காலத்தில் சோழர் தலைநகர். பின்னாளில் கைத்தறிக்கும் சுருட்டுக்கும் பேர் போன பேட்டை. திருச்சிச் சுருட்டின் சாம்பலைப் பார்த்தே துப்பு துலக்கும் ஷெர்லாக் ஹோம்ஸை 1887இலேயே ஆங்கில வாசகர்கள் படித்துவிட்டார்கள். லண்டன் எழுத்தாளருக்கு நம் ஊரைத் தெரியவைத்தது ஒரு பேட்டையின் தொழில்.

தென்கிழக்கு மூலையில் காந்தி மார்க்கெட். முதல் உலகப்போருக்குப் போனவர்களின் நினைவாக நிற்கும் மணிக்கூண்டு பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் பார்த்தால் அது சில்லறைச் சந்தை. உண்மையான மார்க்கெட் இரவில் நடக்கிறது. லாரி வரும், மூட்டை இறங்கும், கமிஷன் மண்டியில் விலை பேசப்படும், விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நம் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வரும் கத்தரிக்காய் பெரும்பாலும் அந்த இரவைத் தாண்டித்தான் வருகிறது.

மதிலுக்கு வெளியே

கோட்டைக்குள் இடம் போதாதபோது திருச்சி உள்ளே இருந்ததை இடித்துவிட்டுக் கட்டவில்லை. பக்கத்தில் இன்னொரு நடுப்பகுதியை வைத்துக்கொண்டது. இதுதான் நம் ஊரின் குணம்.

முதலில் வந்தது கண்டோன்மெண்ட். கோட்டைக்குத் தென்மேற்கில் படைக்கும் அதிகாரிகளுக்கும் அகலமான சாலை, தோட்டத்துடன் பங்களா. 1826இல் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபரின் கல்லறை அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் வந்தது. ஜங்ஷன் வளர்ந்தது. அதைச் சுற்றி விடுதி, சாப்பாட்டுக் கடை, பேருந்து நிலையம், அலுவலகங்கள். 1928இல் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறி, ஒரு தொழிலாளர் நகரமே உருவானது. சுதந்திரத்துக்குப் பின் வயலாக இருந்த இடத்தில் தில்லைநகர் வந்தது. குடியிருப்பாகத் தொடங்கி, இன்று குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு ஆஸ்பத்திரியும் ஸ்கேன் சென்டருமாக நிற்கிறது. கோட்டையையும் இந்தப் புதிய பகுதிகளையும் தைத்துக்கொண்டு உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த வாய்க்கால், பாலக்கரை வழியாகப் போய் இன்றும் வயலுக்குப் பாய்கிறது.

ஆட்டோக்காரர் நாலு பெயர் கேட்டதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். சத்திரத்தில் இறங்குபவர் கடைக்கு வந்தவர். மார்க்கெட் என்பவர் மொத்தமாக வாங்க வந்தவர். ஜங்ஷன் என்பவர் ஊருக்குப் போகிறவர். தில்லைநகர் என்றால் பெரும்பாலும் டாக்டரைப் பார்க்க வந்தவர்.

நம் பக்கத்துப் பாடம்

இனி நம் வாசலுக்கே வருவோம். ஸ்ரீரங்கத்தில் மதில் இடிபடவில்லை. ஏழு திருச்சுற்றுகள், 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வெளிச்சுற்றுகளான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதிகளில் குடும்பங்கள் வசிக்கின்றன, கடைகள் நடக்கின்றன. கோயிலுக்குள் ஊர் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எத்தனை வீடு மாடியாக உயர்ந்தாலும், எத்தனை கடை முன்னால் நீண்டாலும், உத்திர வீதியும் சித்திரை வீதியும் தங்கள் அகலத்தைப் பெரும்பாலும் இழக்கவில்லை. தைத் தேர் உத்திர வீதியில் ஓட வேண்டும். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேர் வந்து வீதியை அளந்துவிட்டுப் போகிறது. எந்தச் சட்டப் பலகையையும்விட அது நன்றாக வேலை செய்கிறது. வீதிக்கு ஒரு வேலை இருக்கும்வரை வீதி இருக்கும்.

ராஜகோபுரமும் இதையே சொல்லும். சில நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்ற அடித்தளத்தின் மேல் 13 நிலைகள் எழுந்து, 236 அடி உயரத்தில் 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. அது புதிய கட்டுமானம்தான். ஆனால் பழைய வாசலின் வேலையை மாற்றாமல் வந்தது. அதனால் யாருக்கும் அது அந்நியமாகத் தெரியவில்லை. 2017இல் கோயிலின் புதுப்பிப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கட்டடம் மட்டும் மார்க்கெட் ஆகுமா?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்க மணிகண்டம் அருகே கள்ளிக்குடியில் ஒரு மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டது. கட்டடம் நன்றாகவே இருந்தது. வியாபாரிகள் போகவில்லை. வழக்குகள் நடந்தன. கடைகள் பூட்டிக் கிடந்தன. வியாபாரிகளின் பிடிவாதம் என்று ஒரு தரப்பு சொல்லும். தூரமும் வசதிக்குறைவும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. மார்க்கெட் என்பது சுவரும் ஷட்டரும் மட்டும் இல்லை. சுமை தூக்குபவர், கடன் கொடுத்து வாரக் கடைசியில் வாங்கும் மண்டிக்காரர், இரண்டு மணிக்கு டீ போடுபவர், பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வரும் கீரைக்காரம்மா எல்லோரும் சேர்ந்ததுதான் மார்க்கெட். அதில் பாதியை மட்டும் இடம் மாற்ற முடியாது.

சென்னையை ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தவால் சாவடியில் இருந்த மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. எதிர்ப்பு அங்கேயும் இருந்தது. ஆனால் சங்கிலி மொத்தமாக நகர்ந்ததால் மார்க்கெட் வேர் பிடித்தது. 2002இல் பேருந்து நிலையமும் பக்கத்தில் வந்து சேர்ந்தது. எனவே இடமாற்றமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நள்ளிரவில் காந்தி மார்க்கெட்டில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்ளும் ஊரில் அப்படிச் சொல்லவும் கூடாது. பஞ்சப்பூருக்கு எது போனாலும், அதோடு சேர்ந்த வேலைகள் அனைத்தும் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இடத்தில் எந்த வேலை மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும். சில்லறை மார்க்கெட் அங்கேயே தொடர்ந்தால் பேட்டை பிழைக்கும். ஒன்றும் இல்லாமல் போனால், வண்ண விளக்கு போட்டாலும் இரவு எட்டு மணிக்கு மேல் அது இருட்டுத்தான்.

என்.எஸ்.பி. ரோட்டுத் தரைக்கடைகளுக்கும் இதே கணக்கு. நடக்க இடமில்லை என்று நாமும் அலுத்துக்கொள்கிறோம். ஹேர்பின்னும் கைக்குட்டையும் பேரம் பேசி வாங்குபவர்களும் நாமே. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. விரட்டுவதற்கும் அப்படியே விட்டுவிடுவதற்கும் நடுவில், உட்கார்ந்து பேசி இடம் பிரிக்கும் வழியைச் சட்டமே காட்டியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டிய மூன்று

காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். 2022 பிற்பாதியில் தொடங்கி 2023 மார்ச் வரை காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்தபோது சுற்றிச் சுற்றிப் போனது நாம்தான். அந்த டவுன் நமக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. திருச்சிக்கு நகராட்சி வந்ததும் ஒரு நவம்பர் 1 என்பது நல்ல பொருத்தம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தெருவிளக்கு, சாக்கடை மனுக்களோடு இந்த மூன்று கேள்விகளையும் எடுத்து வாருங்கள்.

ஒன்று, புதுப்பிக்கப்படும் இடத்தில் இன்று யார் என்ன வேலை செய்கிறார்கள்? திட்ட அறிக்கையில் கட்டடங்களின் பட்டியல் இருக்கும். தொழில்களின் பட்டியலும் வேண்டும்.

இரண்டு, வேலை முடிந்தபின் அவர்களில் எத்தனை பேர் அங்கேயே இருப்பார்கள்? புதுக் கடையின் வாடகை பழைய ஆளால் கட்டக்கூடியதா?

மூன்று, நடந்தோ நகரப் பேருந்திலோ வருபவருக்கு அந்த இடம் முன்பைவிடச் சுலபமாகிறதா? வெளியூர்ப் பேருந்து பஞ்சப்பூருக்குப் போனபின், அதிகாலை நாலு மணிக்கு வந்து இறங்கும் நம் பெரியவர்கள் ஸ்ரீரங்கம் வந்து சேர என்ன ஏற்பாடு?

மதில் போயும் ஊர் நின்றதற்குக் காரணம், உள்ளே இருந்த பட்டறைகளும் மண்டிகளும் பள்ளிகளும் கோயில்களும் தங்கள் வேலையை விடாமல் செய்ததுதான். இந்த முறையும் அதைக் காப்பாற்றினால் போதும். மற்றதைத் திருச்சி தானே பார்த்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். மெயின்கார்டு கேட், தெப்பக்குளம், காந்தி மார்க்கெட் பகுதிகளின் பழைய குடும்பப் புகைப்படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், பின்னணியில் தெரியும் கடைப் பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். என்ன கடை, எந்த ஆண்டு என்று குறித்து ஒரு நகலைச் சங்கத்துக்கு அனுப்பினால், வரும் காலாண்டு இதழில் தெருவாரியாக வரிசைப்படுத்தி வெளியிடலாம். பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். பலகைகள் மாறிவிட்டன. அவற்றைப் படித்தவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள்.